விடுப்பு முடிந்து வேலைக்கு: நேரத்தைக் குறைப்பதா, நாளைக் குறைப்பதா, வேலையையே குறைப்பதா?

மன அழுத்தத்தால் மருத்துவ விடுப்பில் இருப்பவரிடம் வீட்டிலும் அலுவலகத்திலும் எல்லோரும் கேட்பது "எப்ப ஜாயின் பண்றீங்க?" என்பதைத்தான். எப்படிச் சேரப் போகிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். சான்றிதழில் ஒரு தேதி இருக்கிறது, அதற்கு மறுநாள் காலை பழைய நாற்காலியில் பழைய வேலையோடு போய் உட்கார வேண்டும், அவ்வளவுதானே என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், பல சமயம் விடுப்பில் இருப்பவரும் சேர்த்து. உண்மையில் இடையில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை வேலைக்கும் ஒவ்வொரு வகைச் சோர்வுக்கும் பொருந்தும். ஒன்றிரண்டு பார்ப்பதற்கு இதமாக இருந்துவிட்டு ஆளை மறுபடி படுக்கவைத்துவிடும்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்படியாகத் திரும்புவது என்றாலே ஆட்கள் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள்: நாலு மணி நேரமா, ஆறு மணி நேரமா என்று. மேசைக்கு வரும் வேலையைக் குறைக்காமல் மேசையில் இருக்கும் நேரத்தை மட்டும் குறைத்தால், அது முழு நேரம் போவதைவிட மோசம். ஆகவே முதலில் வேலைப்பட்டியல், அப்புறம்தான் கடிகாரம். இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

இன்னும் கொஞ்சம் நாள் விடுப்பை நீட்டிப்பது

இதுவும் ஒரு தேர்வுதான், ஆகவே இதையும் மற்றவற்றோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஓய்வு ஒரு கட்டம் வரை நன்றாக வேலை செய்கிறது: தூக்கம் திரும்பும், நெஞ்சுப் படபடப்பு அடங்கும், யாராவது போன் செய்தால் எரிந்து விழாமல் பேச முடியும். அந்தக் கட்டத்துக்குப் பிறகு ஓய்வால் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் அலுவலகத்தைப் பற்றிய பயம் ஏறிக்கொண்டே போகிறது. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பது பதற்றத்துக்குச் சிகிச்சை தருபவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம்.

நூறு சதவீதம் சரியானால்தான் போவேன் என்று காத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசியாகத் திரும்பி வருபவை கவனக்குவிப்பும் நீடித்து உழைக்கும் தெம்பும். அவை வீட்டில் உட்கார்ந்திருந்தால் முழுதாக வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பயன்படுத்தினால்தான் வரும். அதனால் திரும்புவதற்கான தகுதியைக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம். வாரத்தில் பெரும்பாலான இரவுகள் தூங்க முடிகிறதா? தலையைப் பயன்படுத்தும் ஏதாவது ஒன்றில், கணக்கோ படிப்போ எதுவானாலும், ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிகிறதா? அலுவலகப் பெயர் போன் திரையில் வந்தால் உடம்பு நடுங்காமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஓரளவு ஆம் என்றால் பேச்சைத் தொடங்கலாம். தூக்கமே இல்லை, அழுகை நிற்கவில்லை, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்து போகிறது என்றால் இந்த ஒப்பீடு எதுவும் இப்போது உங்களுக்கு வேண்டாம், மருத்துவரிடம் உடனே போங்கள், வேலை எங்கும் ஓடிவிடாது.

விடுப்புக்கும் வேலைக்கும் நடுவே ஒரு கோடு இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. ஸ்வீடனில் மருத்துவ விடுப்பையே கால், அரை, முக்கால், முழுசு என்று நாலு அளவில் தருகிறார்கள். பாதி நாள் நோயாளி, பாதி நாள் ஊழியர் என்பது அங்கே சாதாரணம். ஜெர்மனியில் ஹாம்பர்க் மாடல் என்று ஒரு முறை இருக்கிறது. அதில் ஒருவர் தினமும் சில மணி நேரம் வேலைக்குப் போய்வந்தாலும் சட்டப்படி அவர் இன்னும் நோயாளிதான், பணம் நோய்க் காப்பீட்டிலிருந்து வருகிறது. எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். நோயாளி என்ற தகுதி கையில் இருக்கும்வரை "இன்னும் கொஞ்சம் செய்து முடித்துவிட்டுப் போங்களேன்" என்று சொல்ல மேலாளருக்கே கூச்சமாக இருக்கும் அல்லவா.

ஒரே நாளில் முழுசாகச் சேர்வது

விடுப்பு இரண்டு மூன்று வாரம்தான், படுக்கவைத்த காரணமும் இப்போது இல்லை (அந்த ப்ராஜெக்ட் முடிந்துவிட்டது, இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்த்த நிலை மாறிவிட்டது) என்றால் இந்த வழி போதும். சம்பளம் குறையாது, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், அலுவலகத்தில் சிறப்பு ஏற்பாடு உள்ளவர் என்ற முத்திரையும் விழாது. அந்த முத்திரையைச் சிலர் நோயைவிட அதிகமாக வெறுக்கிறார்கள், அதில் தப்பில்லை.

நீண்ட விடுப்புக்குப் பிறகு இப்படிச் சேர்வதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் வாரம் பிரமாதமாகப் போகும். எல்லோரும் அன்பாகப் பேசுவார்கள், கடினமான வேலை எதுவும் இன்னும் கைக்கு வந்திருக்காது, திரும்பி வந்துவிட்டோம் என்ற உற்சாகமே உந்தித் தள்ளும். மூன்றாம் வாரம், நாலாம் வாரம் வரும்போது அன்பும் உற்சாகமும் வடிந்து வேலை மட்டும் மிச்சமிருக்கும். விழுவது அப்போதுதான். அதற்குள் எல்லோரும் இவர் சரியாகிவிட்டார் என்று முடிவு கட்டியிருப்பதால், மறுபடி குறைத்துக் கேட்பது முதலிலேயே குறைத்துக் கேட்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். மேலே ஏற்றிக்கொள்வது எப்போதும் எளிது, இறக்கிக் கேட்பதுதான் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே, இரண்டு மாதத்துக்கு மேல் விடுப்பில் இருந்த யாருக்கும் நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

இதைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் திங்கட்கிழமை சேராதீர்கள். புதன் அல்லது வியாழன் சேருங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

தினமும் குறைந்த நேரமா, குறைந்த நாட்களா

பெரும்பாலானவர்கள் குழம்புவது இங்கேதான். வாரத்துக்கு இருபது மணி நேரம் என்று முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தினமும் நாலு மணி நேரம் போகலாம், அல்லது இரண்டரை நாள் முழுதாகப் போகலாம். கணக்கில் இரண்டும் ஒன்று, உடம்புக்கு இரண்டும் வேறு.

தினமும் குறைந்த நேரம் போவதில் பெரிய லாபம், களைப்பு தலைக்கேறுவதற்குள் ஒவ்வொரு நாளும் நிறுத்திவிடுகிறோம் என்பது. சோர்விலிருந்து மீண்டு வருபவருக்கு முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஓரளவு நன்றாகப் போகும், அதற்குப் பிறகு படிக்கும் வரி மண்டைக்குள் போகாது, ஒரே மெயிலை மூன்று தடவை படிக்க வேண்டியிருக்கும். அந்த எல்லைக்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பிவிட்டால் மறுநாளுக்கான தெம்பு கையில் இருக்கும். எழும் நேரமும் தூங்கும் நேரமும் வாரம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பது இன்னொரு லாபம், தூக்கம் கெட்டுப் போய் இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தினமும் முகம் காட்டுவதால் அலுவலகம் அந்நியமாகத் தோன்றுவதும் சீக்கிரம் போய்விடும். ஜெர்மன் முறையிலும் தினமும் இரண்டு அல்லது நாலு மணி நேரத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவதுதான் வழக்கம்.

இதன் ஓட்டை எங்கே என்றால், நேரம் கசியும். நாலு மணி நேரம் என்பது நாலரை ஆகும், ஐந்தாகும், "கிளம்புறதுக்கு முன்னாடி இதை மட்டும்" என்று யாராவது வந்து நிற்பார்கள். இதற்குக் கிளம்பும் நேரத்தைப் புத்திசாலித்தனமாக வைப்பதுதான் மருந்து. மதியம் மூன்று மணிக்குக் கிளம்புகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள், கேட்பார்கள், பிடித்து நிறுத்துவார்கள். சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் எழுந்திருக்கும்போது கிளம்புகிறவரை யாரும் கவனிப்பதில்லை. காலையில் தூக்கக் கலக்கம் தரும் மாத்திரை எடுப்பவர்கள் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளலாம், நெரிசல் நேரப் பயணமும் மிச்சம். (மாத்திரை பற்றி ஒரு வார்த்தை: வேலைக்குப் போகிற அளவுக்கு ஆகிவிட்டோமே என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு என்று வரும், அதைப் பார்த்து வேலைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள். மருத்துவரோடு பேசி, திரும்பிப் போய் நிலைத்த பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.)

பயணத்தையும் கணக்கில் சேருங்கள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்றால் நாலு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரப் பயணம். அந்தக் களைப்பையும் சேர்த்தால் அதை அரை நாள் என்று சொல்வதற்கே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நாட்களைக் குறைப்பதுதான் சரி. ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள், வகுப்பெடுப்பவர்கள், வார்டில் நிற்பவர்கள், கவுண்டரில் உட்காருபவர்கள் இவர்களுக்கும் அப்படியே, பாதி ஷிப்டில் எழுந்து போவது பல இடங்களில் நடக்கிற காரியமே இல்லை.

நாட்களைக் குறைத்தால் அவற்றை எப்படி அடுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன் போய்விட்டு வியாழன் முதல் ஓய்வு என்று பலர் கேட்கிறார்கள், நீண்ட வாரக்கடைசி கிடைக்கும் என்ற ஆசையில். ஆரம்பத்தில் இது வேண்டாம். தொடர்ந்து மூன்று முழு நாள் என்பது, மாதக்கணக்கில் வீட்டில் இருந்தவருக்கு மூன்றாம் நாள் மதியமே தாங்காது. நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி திங்கள் வரும்போது பழைய பயமும் கூடவே வரும். திங்கள், புதன், வெள்ளி என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவது பார்க்கத் துண்டுதுண்டாக இருந்தாலும் உடம்புக்கு நல்லது. நாலு நாளாக உயர்த்தும்போது புதன்கிழமையை ஓய்வுநாளாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த வழியின் ஓட்டை ஓய்வுநாளில் இருக்கிறது. போகாத நாளின் மெயில் போகும் நாளில் காத்திருக்கும், ஆகவே அந்த நாள் ஒன்றரை நாளாகிவிடும். வீட்டிலோ "இன்னைக்கு லீவுதானே" என்று மளிகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளி வேலை, மாமியாரின் கண் பரிசோதனை எல்லாம் அந்த நாளில் வந்து விழும். பெண்களுக்கு இது ஏறக்குறைய நிச்சயம் நடக்கும். ஓய்வுநாள் ஓய்வுக்குத்தான் என்று வீட்டில் பேசித் தீர்க்க முடியாதென்று தெரிந்தால், தினமும் குறைந்த நேரம் என்ற வழியைத் தேர்ந்தெடுத்து, கிளம்பும் நேரத்துக்கும் வீட்டுக்கு வரும் நேரத்துக்கும் இடையில் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று வைத்துக்கொள்வது மேல். யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

வேலையைக் குறைப்பது

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ஒரு சாதாரண எட்டு மணி நேர நாளில் மீட்டிங், மெயில், அங்கே இங்கே பதில் சொல்வது என்று இரண்டு மணி நேரம் போகிறது, உண்மையான வேலைக்கு ஆறு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை நாலு மணி நேரமாகக் குறைத்தால் மீட்டிங்கும் மெயிலும் பாதியாகுமா? ஆகாது. அதே இரண்டு மணி நேரம் அதற்கே போகும். மிஞ்சுவது இரண்டு மணி நேரம், அதாவது முன்பு செய்ததில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மேலாளர் மனதில் இருப்பது "பாதி நேரம், ஆகவே பாதி வேலை". இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆட்கள் இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கிறார்கள். சம்பளம் பாதி, வேலை முழுசு, பழைய இடத்துக்கே திரும்புகிறோம்.

பிரிட்டனில் 2010 முதல் மருத்துவர் தரும் சான்றிதழில் "வேலைக்குத் தகுதி இல்லை" என்பதோடு, இன்னின்ன மாற்றங்கள் செய்தால் வேலைக்குப் போகலாம் என்று எழுதவும் இடம் இருக்கிறது. அதில் நாலு கட்டங்கள்: படிப்படியாகத் திரும்புவது, வேலை நேரத்தை மாற்றுவது, செய்யும் பணிகளை மாற்றுவது, பணியிடத்தை மாற்றியமைப்பது. நேரமும் பணியும் அங்கே தனித்தனிக் கட்டம் என்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் கேட்டால் மற்றதும் தானாக வந்துவிடும் என்று நினைப்பதால்தான் இவ்வளவு தொல்லை.

எதைக் குறைப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த வழிகாட்டி உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து வருகிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டை நோய் என்று சேர்க்காமல், வேலை தொடர்பான ஒரு நிலை என்று சேர்த்து, அதற்கு மூன்று முகங்களைச் சொல்கிறார்கள்: வற்றிப்போன களைப்பு, வேலையின் மேல் வெறுப்பும் விலகலும், தன்னால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற உணர்வு. உங்களிடம் இப்போது மிச்சமிருப்பது இதில் எது என்று பார்த்தால் எந்த வழி என்பது பாதி தெளிவாகிவிடும். களைப்புதான் பிரச்சினை என்றால் நேரத்தைக் குறைப்பது நிஜமாகவே உதவும். வெறுப்பும் விலகலும் என்றால் அதே வேலையை நாலு மணி நேரம் செய்தாலும் எட்டு மணி நேரம் செய்தாலும் அதே கசப்புதான், எந்தப் பணி கசக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். தன்னால் முடியாது என்ற உணர்வு என்றால், தொடக்கமும் முடிவும் உள்ள சிறு சிறு பணிகள் வேண்டும், மாலையில் கிளம்பும்போது இதை முடித்தேன் என்று ஒன்றாவது சொல்ல முடிய வேண்டும்.

பொதுவாக முதலில் விலக்க வேண்டியவை நம் கையில் கட்டுப்பாடு இல்லாத பணிகள். எப்போது வேண்டுமானாலும் அடிக்கும் போன், கத்தும் வாடிக்கையாளர், இன்னொருவர் தேதி குறிக்கும் டெட்லைன், பிறரை நிர்வகிப்பது. அளவில் பெரிதாக இருந்தாலும் நம் வேகத்தில் செய்யக்கூடிய வேலை அவ்வளவு வாட்டாது. ஒரு மணி நேரம் புகார் அழைப்புகளுக்குப் பதில் சொல்வதைவிட மூன்று மணி நேரம் அறிக்கை எழுதுவது இலகு என்று இந்த நிலையில் இருப்பவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, பாவம் என்று வேலையே தராமல் உட்காரவைப்பது. பழைய கோப்புகளை அடுக்கச் சொல்வது, யாரும் படிக்காத பட்டியல் தயாரிக்கச் சொல்வது. மனிதர்கள் இதைக் கருணை என்று நினைத்துச் செய்கிறார்கள், ஆனால் தன்னம்பிக்கை ஏற்கெனவே நொறுங்கிப்போன ஒருவருக்கு இதைவிடப் பெரிய அடி இல்லை. வேலை குறைவாக இருக்கட்டும், உண்மையான வேலையாக இருக்கட்டும். இரண்டாவது பள்ளம், எடுக்கப்பட்ட பணி யாரிடம் போகிறது என்று யாரும் பெயர் சொல்லாமல் விடுவது. பெயர் இல்லாத வேலை எங்கும் போகாது, உங்கள் பெயரிலேயே குவிந்துகொண்டிருக்கும், ஆறாவது வாரம் மொத்தமாக வந்து இறங்கும். ஆகவே பட்டியலில் ஒவ்வொரு பணிக்கு எதிரிலும் ஒரு பெயர், எதுவரை என்று ஒரு தேதி.

பணத்தைப் பார்த்தாலும் இந்த வழிதான் மேல். நேரத்தைக் குறைத்தால் ஈடுகட்டும் காப்பீடோ சட்டமோ இல்லாத இடங்களில் சம்பளம் குறையும், இல்லையென்றால் சேர்த்துவைத்த விடுப்பு கரையும். பணியை மாற்றுவதால் சம்பளம் குறைவதில்லை. நேரத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளாத நிறுவனம்கூட, மூன்று மாதத்துக்கு டார்கெட்டைக் குறைத்து எழுதித் தர ஒப்புக்கொள்ளலாம், கேட்டுத்தான் பாருங்கள். எழுதி வாங்குங்கள், ஏனென்றால் அப்ரைசல் நேரத்தில் இதைப் பேசியவர் வேறு துறைக்குப் போயிருப்பார்.

வீட்டிலிருந்து வேலை, வேறு குழு

வீட்டிலிருந்து வேலை பயணத்தையும் இரைச்சலையும் மிச்சப்படுத்தும், நடுவில் பத்து நிமிடம் படுத்து எழலாம். வாரத்தில் ஓரிரு நாள் என்றால் நல்ல துணை. முழுக்க அதையே நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்களைக் கலங்கடித்தது அலுவலகத்தில் உள்ள ஏதோ ஒன்று என்றால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் அதை எதிர்கொள்வது தள்ளிப்போகும், அவ்வளவுதான். வேலை முடியும் நேரம் என்று ஒன்று வீட்டில் இருப்பதில்லை என்பதும் உங்களுக்கே தெரியும்.

வேறு குழு, வேறு பிரிவு என்பது தனிக் கதை. காரணம் வேலையின் அளவு என்றால் இதற்கு அவசியம் இல்லை, புதிய இடத்தில் புதிய வேலை கற்பதே ஒரு சுமை. காரணம் ஒரு மனிதர் என்றால், தினமும் அவமானப்படுத்தும் மேலாளரோ கூட்டுச் சேர்ந்து ஒதுக்கும் குழுவோ என்றால், மேலே சொன்ன எந்தப் படிப்படியும் உதவாது. அந்த மனிதருக்குக் கீழே தினமும் இரண்டு மணி நேரம், அப்புறம் நாலு, அப்புறம் எட்டு என்று பழகிக்கொள்வது என்ன சிகிச்சை? இங்கே திரும்புவதற்கு முன்பே இடமாற்றம் பேசி முடிக்க வேண்டும், தற்காலிகம் என்று தொடங்கினாலும் சரி. ராஜினாமாவைப் பொறுத்தவரை, உங்களை நேரடியாகத் துன்புறுத்தும் இடமாக இல்லாவிட்டால் விடுப்பின் நடுவில் அந்த முடிவை எடுக்காதீர்கள். களைத்த மனசுக்கு எல்லாக் கதவும் அடைத்ததாகத்தான் தெரியும்.

எவ்வளவு வேகம்

நிறுவனங்கள் பொதுவாக நாலு வாரம், ஆறு வாரம் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கும்: முதல் வாரம் பாதி, மூன்றாம் வாரம் முக்கால், ஐந்தாம் வாரம் முழுசு. சிலருக்கு அது போதும். கடுமையாக வற்றிப்போனவர்களுக்கு அது அவசரம், அவர்களுக்கு மாதங்கள் ஆகும். நாள்காட்டியை விட்டுவிட்டு மறுநாள் காலையைப் பாருங்கள் என்பேன். இந்தக் களைப்பின் குணமே தாமதமாக வருவதுதான். வேலை பார்த்த அன்று மாலை நன்றாகத்தான் இருக்கும், மறுநாள் காலை எழுந்திருக்க முடியாது. ஐந்து நாள் சமாளித்துவிட்டுச் சனிக்கிழமை முழுவதும் கட்டிலில் கிடந்தால் அந்த வாரத்தின் அளவு அதிகம் என்று அர்த்தம், வேலை நாட்களில் எவ்வளவு உற்சாகமாக இருந்திருந்தாலும் சரி.

ஒரு படியில் குறைந்தது இரண்டு வாரமாவது இருங்கள், முதல் வாரத்தைப் புதுமையே ஓட்டிவிடும் என்பதால் அதை நம்ப முடியாது. ஏறும்போது ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்: நேரம், அல்லது பணி, அல்லது பொறுப்பு. நாலிலிருந்து ஆறு மணி நேரமாக்கும் அதே வாரத்தில் பழைய வாடிக்கையாளர்களையும் திரும்ப வாங்கிக்கொண்டால், சரிந்தால் எதனால் சரிந்தோம் என்று தெரியாமல் போகும். எனக்குத் தெரிந்தவரை மிகவும் வழுக்கும் இடம் முக்காலிலிருந்து முழுசுக்குப் போகும் கடைசிப் படிதான். அன்றோடு எல்லாச் சலுகைகளும் ஒரே வீச்சில் போய்விடும், எல்லோரும் திட்டத்தை மூடிவைத்துவிடுவார்கள். மற்ற எல்லாப் படிகளையும்விட அங்கே அதிக நாள் நில்லுங்கள், முழு நேரம் ஆன பிறகும் குறைந்த பணிப்பட்டியலை இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தில் இறங்கும் படியையும் எழுதிவைக்க வேண்டும். "இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கம் கெட்டால் முந்தைய படிக்குத் திரும்புவேன்" என்று முதல் நாளே எழுதியிருந்தால், அந்த நாள் வரும்போது புதிதாகக் கெஞ்ச வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 2002இல் வந்த சட்டப்படி, நீண்ட விடுப்பில் இருப்பவரும் நிறுவனமும் எட்டாவது வாரத்துக்குள் எழுத்தில் ஒரு திட்டம் போட்டாக வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் ஒரு பக்க மெயில் போதும்: என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன், எவ்வளவு நேரம், எந்தத் தேதியில் மறுபடி பேசுவோம், சரிந்தால் என்ன.

சிகிச்சை பற்றியும் ஒன்று. வாழ்க்கைச் சிக்கல்களால் ஏற்படும் இத்தகைய மன நெருக்கடிகளைப் பற்றிய ஆய்வுகளை 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தது. பிரச்சினையை இனங்கண்டு தீர்வு தேடப் பழக்கும் சிகிச்சை பெற்றவர்கள், அது பெறாதவர்களைவிடச் சராசரியாக 17 நாள் முன்னதாகப் பகுதி நேரத்துக்குத் திரும்பினார்கள். முழு நேரத்துக்குத் திரும்பியதில் தெளிவான வித்தியாசம் இல்லை. கடைசிப் படி வழுக்குகிறது என்று நான் சொல்வதற்கு அது நேரடிச் சாட்சி ஆகாது, ஆனாலும் அந்த முடிவைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. கவுன்சிலரிடம் போகிறவர்கள் மனசைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராமல், திங்கட்கிழமை பத்து மணி மீட்டிங்கை என்ன செய்வது என்றும் பேசுங்கள்.

மேலாளரிடம் நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று இல்லை. என்ன முடியும், என்ன முடியாது என்பது போதும்: "நாலு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்க்க முடியும், ஒரே நேரத்தில் இரண்டு அவசர வேலை இப்போது முடியாது, மாலை அழைப்புகள் வேண்டாம், ஆறு வாரம் கழித்து மறுபடி பேசலாம்." சக ஊழியர்களுக்கு "உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குகிறேன்" என்ற ஒரு வரி. மேலே கேட்டால் பேச்சை அவர்கள் பக்கம் திருப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்லும் நிறுவனங்களும் இருக்கின்றன. "வந்தா முழுசா வாங்க, இல்லேன்னா லீவை நீட்டிக்கோங்க." அங்கே கையில் இருப்பதை வைத்துத்தான் கட்ட வேண்டும். சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பை மொத்தமாகச் செலவழிக்காமல் புதன்கிழமைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், பத்து நாள் விடுப்பு இருந்தால் பத்து வாரத்துக்கு நாலு நாள் வாரம் கிடைக்கும். வாரத்தின் நடுவில் சேருங்கள். முதல் நாள் மெயில் பெட்டியில் இருக்கும் ஆயிரக்கணக்கான மெயில்களைப் படிக்க உட்காராமல், எல்லாவற்றையும் ஒரு தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, விடுப்பில் இருந்தேன், இன்னும் தேவையானது இருந்தால் மறுபடி அனுப்புங்கள் என்று குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள். பெரும்பாலானவை மறுபடி வராது. அப்புறம் உங்களுடைய பணிகளை ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொண்டுபோய், இந்த மாதம் இதில் முதல் மூன்று எவை என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள், "எல்லாமே முக்கியம்தான்" என்று அவர் சொன்னாலும் பேனாவை நீட்டியபடியே நில்லுங்கள்.